மேற்கு உக்ரைன் கிராமங்களில் முதலில் பார்க்க வேண்டியது கூரை

மேற்கு உக்ரைனின் மரத் தேவாலயங்களைப் பார்க்கப் போகிறவர்கள் நேரே கதவைத் தேடுவார்கள். கதவு பூட்டியிருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பார்க்க வேண்டியதில் பாதி வெளியில்தான் இருக்கிறது, அதிலும் கூரையில். கார்பாத்திய மலைப்பகுதியில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் பனியும் விழும். மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய கட்டடம் அந்த ஈரத்தில் 200, 300 ஆண்டுகள் நிற்கிறதென்றால், தச்சர்கள் தண்ணீரை எப்படி வழியனுப்பினார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் கோட்டைகளும் குகைகளும்கூடப் புரிய ஆரம்பிக்கும்.

கார்பாத்தியப் பகுதியின் 16 மரத் தேவாலயங்களை 2013-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எட்டு போலந்தில், எட்டு உக்ரைனில். உக்ரைனில் இருப்பவை ட்ரோஹோபிச், ஜோவ்க்வா, பொட்டெலிச், ரோஹாட்டின், மாட்கிவ், உஜோக், யாசினியா, நிஜ்னி வெர்பிஜ் ஆகிய ஊர்களில். எட்டையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். பொட்டெலிச் வடக்கே ராவா-ருஸ்காவுக்குப் பக்கம், யாசினியா தெற்கே ருமேனிய எல்லை மலைகளுக்குப் பக்கம். நடுவில் ஒரு மலைத்தொடரே கிடக்கிறது.

எட்டும் மூன்று குடும்பங்கள். சமவெளியின் ஹாலிச் பாணியில் நான்கு: பொட்டெலிச் (1502), ட்ரோஹோபிச்சின் புனித யூரா (ஜார்ஜ்), ரோஹாட்டின், ஜோவ்க்வா (1720). போய்கோ எனும் மலைவாழ் மக்களின் பாணியில் மாட்கிவ் (1838), உஜோக் (1745) என இரண்டு. ஹுட்சுல் எனும் இன்னொரு மலைவாழ் மக்களின் பாணியில் யாசினியா (1824), நிஜ்னி வெர்பிஜ் (1808) என இரண்டு. வித்தியாசம் தெரிந்துகொள்ள எளிய வழி: சற்றுத் தள்ளி நின்று உச்சிகளை எண்ணுங்கள். கிழக்கு மேற்காக ஒரே வரிசையில் மூன்று பகுதிகள், நடுவில் உள்ளது உயரம், கூரை மடிப்பு மடிப்பாகப் படியேறினால் போய்கோ. சிலுவை வடிவத் தரைத்திட்டம், நான்கு கைகளுக்கும் சாய்கூரை, நடுவில் எண்கோணக் கூம்பு என்றால் ஹுட்சுல். நிஜ்னி வெர்பிஜில் மட்டும் கைகளுக்கும் தனித்தனி உச்சி, ஆக மொத்தம் ஐந்து. பட்டியலில் இல்லாத இன்னொரு வகை ஹுஸ்ட் நகரைச் சுற்றியிருக்கிறது: கிரைனிகோவோ, டனிலோவோ, சோகிர்னிட்சியா, ஒலெக்சான்ட்ரிவ்கா. வாசல் பக்கத்துக் கோபுரம் ஊசிபோல் வானத்தைக் குத்தி நிற்கும். யுனெஸ்கோ முத்திரை இல்லையென்று இவற்றைத் தாண்டிப் போவது பெரிய நஷ்டம். நேரம் குறைவென்றால் ஜோவ்க்வாவைக்கூட விடலாம், இவற்றை விடக் கூடாது.

இப்போது கட்டுமானம். அடியில் கற்கள். அதன்மேல் தடித்த அடிக்கட்டை, முடிந்தால் ஓக். அதற்கு மேல் ஸ்புரூஸ் அல்லது ஃபிர் கட்டைகளைச் சதுரமாகச் செதுக்கிப் படுக்கை வாட்டில் அடுக்குவார்கள், மூலைகளில் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். இப்படி அடுக்கிய ஒவ்வொரு கூட்டுக்கும் ஸ்ரூப் என்று பெயர். மூன்று ஸ்ரூப் சேர்ந்தால் ஒரு தேவாலயம்: மேற்கே பெண்கள் நிற்கும் பாபினெட்ஸ், நடுவே பொதுமண்டபம், கிழக்கே பலிபீடம். சுவர் மேலே போகப் போக உள்பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் ஒடிந்து, சிறிய கூடாகிச் செங்குத்தாக எழும்பும். இந்த ஒடிவுக்கு சலோம் என்று பெயர். சலோம் எத்தனையோ அத்தனை அடுக்கு. உள்ளே போய் மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் இது ஒரே பார்வையில் விளங்கும். வெளியே மூன்று நான்கு கூரைகளாகத் தெரிந்தது உள்ளே தளமே இல்லாமல் உச்சிவரை ஒரே வெளியாக ஏறும். சில ஊர்களில் குளிருக்காகப் பிற்காலத்தில் பலகைத் தளம் அடித்து இதை மூடிவிட்டார்கள்.

சுவரின் நடு உயரத்தில் கட்டடத்தைச் சுற்றிப் பாவாடைபோல் ஒரு தாழ்வாரம் ஓடும். இதுதான் ஒபாசன்னியா. தனித் தூண் இல்லாமலே பல இடங்களில் நிற்கும். மூலைகளில் கட்டைகளின் முனைகளைப் படிப்படியாக வெளியே நீட்டிவிட்டு, அந்த நீட்டல்மீதே கூரையை ஏற்றியிருப்பார்கள். அழகுக்கு வைத்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மேல்கூரையிலிருந்து வடியும் தண்ணீரும் தரையில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரும் கீழ்க்கட்டைகளைத் தொடாமல் காப்பது அதன் வேலை. பூசையின்போது உள்ளே இடமில்லாதவர்கள் ஒதுங்கி நிற்பதும் அதன் கீழ்தான்.

கூரைமேல் வேய்வது கொந்த் எனப்படும் மரத்தகடு. ஒவ்வொரு தகடும் ஆப்பு வடிவம்: ஒரு விளிம்பு தடிப்பு, மறு விளிம்பு மெல்லிசு. தடித்த விளிம்பில் நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருக்கும். பக்கத்துத் தகட்டின் மெல்லிய விளிம்பு அந்தக் காடிக்குள் செருகிக்கொள்ளும். மழைக்காற்று வரும் திசையைப் பார்த்துக் காடியின் வாய் திறந்திருக்கக் கூடாது. திறந்திருந்தால் காற்று தண்ணீரை உள்ளே தள்ளிவிடும். அதைவிட முக்கியம், தகட்டை ரம்பத்தால் அறுக்காமல் மரத்தின் நார் போகிற போக்கிலேயே பிளப்பது. பிளந்த தகட்டில் நார் அறுபடாமல் மேலிருந்து கீழ்வரை ஓடும், தண்ணீர் அதன் வழியே வழுக்கி இறங்கும். அறுத்த தகட்டில் நார்முனைகள் வெட்டுப்பட்டு நின்று ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் முறுக்கிக்கொள்ளும். அருகில் போய் ஒரு தகட்டைப் பாருங்கள். மேற்பரப்பு லேசாக அலையலையாக இருந்தால் பிளந்தது. பலகைபோல் தட்டையாக, ரம்பத்தின் கோடுகளோடு இருந்தால் அறுத்தது. நன்றாகச் செய்த கொந்த் கூரையையும் ஏறக்குறைய தலைமுறைக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆக வேண்டும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல கொந்துக்குச் செலவு அதிகம், அதைப் பிளக்கத் தெரிந்த கைகள் குறைவு. கிராமத்தார் தகரத்துக்குப் போகிறார்கள். தங்க நிறத்தில் பளபளக்கும் உச்சி, பலகையும் வகோன்கா எனப்படும் மெல்லிய மூடுபட்டையும் அடித்து மூடிய சுவர் என்று நூற்றுக்கணக்கான தேவாலயங்கள் இப்படி மாறிவிட்டன. கண்ணுக்குப் புதிதாக இருக்கும். ஆனால் கொந்து வழியாக மூச்சுவிட்ட மரம் தகரத்துக்கு அடியில் மூச்சுமுட்டும். இரவுக் குளிரில் தகரத்தின் அடிப்பக்கம் நீர் கோத்துச் சொட்டும், அது போக வழியில்லாமல் கட்டைக்குள் இறங்கும், வெளியே தெரியாமலே உள்ளே இற்றுப்போகும். அடிக்கட்டையை ஒட்டிச் சிமென்ட் போடுவதும் இதே ரகம். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சிமென்டில் மோதித் திரும்பி மரத்துக்குள் நுழைகிறது. வடக்குப் பக்கம், வெயில் படாத மூலையில், கீழ்க்கட்டை கறுத்துப் பாசி பிடித்திருக்கிறதா என்று ஒரு நடை பாருங்கள். கட்டடத்தின் நாடி அங்கேதான் பிடிபடும்.

உள்ளே போக வேண்டுமானால் சாவி வைத்திருப்பவரைப் பிடிக்க வேண்டும். ட்ரோஹோபிச்சிலும் ரோஹாட்டினிலும் தேவாலயம் அருங்காட்சியகமாக இயங்குவதால் டிக்கெட் வாங்கி நுழையலாம். கிராமங்களில் பலமார் எனப்படும் கோயில்பிள்ளை வீட்டில்தான் சாவி. ஞாயிறு காலைப் பூசை முடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தேடும் வேலையே இல்லை. கூட்டம் கலைந்ததும் நிதானமாகக் காட்டுவார்கள். ல்விவைச் சுற்றிய கலீசியப் பகுதியில் பெரியவர்களைப் பார்த்ததும் "ஸ்லாவா இசூசு ஹ்ரிஸ்து" (இயேசு கிறிஸ்துவுக்கு மகிமை) என்று சொன்னால் முகமே மாறும், "ஸ்லாவா நா விக்கி" (என்றென்றும் மகிமை) என்று பதில் வரும். ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலையில் துணி போட்டுக்கொள்வது மரியாதை. பலிபீடத்தை மறைக்கும் படத்திரைக்குப் பின்னால் பொதுமக்கள் போகக் கூடாது, கேட்கவும் வேண்டாம். சாவி கொண்டுவந்தவர் கையில் பணத்தைத் திணிப்பதைவிட மெழுகுவர்த்தி வாங்குவதும் உண்டியலில் போடுவதும் உறுத்தாது. வரைபடச் செயலியில் தேடும்போது ஒரு எச்சரிக்கை: பெரும்பாலான ஊர்களில் பெரிய செங்கல் தேவாலயம் ஒன்றும் இருக்கும், குறி அதன்மேல்தான் விழும். மரத் தேவாலயம் கல்லறைத் தோட்டத்து மரங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். "டெரெவ்யானா செர்க்வா" என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

உள்ளே இருட்டாக இருக்கும். கண் பழகச் சில நிமிடம் கொடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். படத்திரையான இக்கோனோஸ்டாஸில் நடுக்கதவுக்கு வலப்புறம் கிறிஸ்து, இடப்புறம் அன்னை. கிறிஸ்துவுக்கும் வலப்பக்கம் உள்ள படம் அந்தத் தேவாலயத்தின் பாதுகாவலர். ஆகவே பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் அது யார் பெயரில் உள்ள கோயில் என்று சொல்லிவிடலாம். ரோஹாட்டினின் படத்திரை 1650-ஐச் சேர்ந்தது, அதற்காகவே அங்கே போகலாம். பொட்டெலிச்சிலும் ட்ரோஹோபிச்சிலும் பார்க்க வேண்டியது 17-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் துணிப்பட்டை ஒட்டி, அதன்மேல் ஓவியத்தைத் தொடர்ந்திருப்பார்கள். மரம் சுருங்கி விரியும்போது முதலில் கிழிவது அந்தப் பட்டைதான், கோடு கோடாகத் தெரியும். ட்ரோஹோபிச் உப்பு காய்ச்சும் ஊர். யூரா தேவாலயத்தை 17-ஆம் நூற்றாண்டில் நடியிவ் கிராமத்திலிருந்து உப்பு கொடுத்து வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி பூட்டினார்கள் என்பது ஊரார் வழக்கு. பூட்டிய கட்டைகளுக்கு எண் போட்டுக் கழற்றி மாட்டலாம் என்பதால் இது நம்பக் கூடியதுதான். வாசல் நிலைமேல் செதுக்கிய எழுத்துகளையும் தடவிப் பாருங்கள். பழைய சிரிலிக் முறையில் எழுத்தே எண்ணாகவும் இருக்கும், ஆண்டு அதில் ஒளிந்திருக்கும்.

கோட்டைகளைப் பொறுத்தவரை எல்லோரும் போவது ல்விவுக்குக் கிழக்கே ஒலெஸ்கோ, பிட்ஹிர்ட்சி, ஸோலோச்சிவ் மூன்றுக்கும்தான். அமைதிக் காலத்தில் காரில் ஒரே நாளில் முடியும். ஒலெஸ்கோ கீவ் நெடுஞ்சாலையில், ல்விவிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். 1629-இல் யான் சோபியெஸ்கி இங்கே பிறந்தார், பின்னால் போலந்து மன்னரானவர். உள்ளே நல்ல ஓவியச் சேகரிப்பு இருக்கிறது. ஸோலோச்சிவில் வட்டவடிவச் சீன மாளிகையைப் படமெடுப்பார்கள். அதே கோட்டை 1939-41-இல் சோவியத் சிறையாக இருந்து, கைதிகள் கொல்லப்பட்ட இடம் என்பதைப் பலர் கவனிக்காமலே திரும்புகிறார்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் பார்க்க முடியுமென்றால் பிட்ஹிர்ட்சி. தளபதி ஸ்டானிஸ்லாவ் கொனியெட்ஸ்போல்ஸ்கிக்காக 1635-40-இல் கட்டியது, அரணுக்குள் அமர்ந்த மாளிகை. சோவியத் காலத்தில் காசநோய் மருத்துவமனையாக இருந்தது. 1956-இல் பிடித்த தீ மூன்று வாரம் எரிந்ததாகச் சொல்வார்கள். உள் அலங்காரம் போனதோடு கூரையும் போனது. கூரை போன மாளிகைக்கு நெருப்பைவிட அதற்குப் பின் இறங்கிய மழைதான் பெரிய எதிரி. 1997-இல் ல்விவ் ஓவியக் கூடம் பொறுப்பேற்ற பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சீரமைப்பு நடக்கிறது. வெறும் சுவர்களைப் பார்க்கவா என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்பனை இல்லாத செங்கல்லும் வளைவும் அப்படியே தெரிவதால், கட்டுமானத்தைப் படிக்க ஒலெஸ்கோவைவிட இதுவே வசதி. எதிரே மரவரிசைக்கு அப்பால் நிற்கும் புனித யோசேப்பு தேவாலயத்தை (1752-66) விட்டுவிடாதீர்கள்.

உண்மையில் மனசில் நிற்கிற கோட்டை மேற்கே கார்பாத்திய அடிவாரத்தில் இருக்கிறது, அங்கே கோட்டையே இல்லை. உரிச் கிராமத்துத் துஸ்தானில் இப்போது பார்ப்பது 51 மீட்டர்வரை உயரும் மணற்கல் பாறைகள் மட்டுமே. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டுவரை இந்தப் பாறைகளுக்கு நடுவே பல மாடி மரக்கோட்டை இருந்தது, உப்பு வழியில் சுங்கமும் வாங்கியது. மரம் முழுவதும் போய்விட்டது. பாறையில் வெட்டிய காடிகளும் கழுந்துக் குழிகளும் மட்டும் மிச்சம், ஏறத்தாழ 4,000. பாறையேறத் தெரிந்த ஆய்வாளர் மிஹைலோ ரோஷ்கோ 1971 முதல் கயிற்றில் தொங்கி ஒவ்வொன்றாக அளந்தார். குழிகளின் சரிவு, ஆழம், ஒரே மட்டத்தில் வருவது எது என்று கோத்துப் பார்த்து, ஐந்து கட்டங்களாக எழுந்த கோட்டையைத் தாளில் மறுபடி நிறுத்தினார். முதலில் கிராமத்திலுள்ள அருங்காட்சியகத்தில் மாதிரியைப் பார்த்துவிட்டுப் பாறைக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் வெறும் ஓட்டைகள்தான் தெரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் குழிகளின் நிழல் விழுந்து வரிசை துலங்கும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். மழை பெய்த மறுநாள் மணற்கல் வழுக்கும். நனைந்த கல் கையோடு உதிரவும் செய்யும், ஆகவே குழிகளில் காலை ஊன்றி ஏறுவது உங்களுக்கும் ஆபத்து, குழிக்கும் ஆபத்து. பொலெஹிவ் பக்கத்துப் புப்னிஷ்சேயில் உள்ள டொவ்புஷ் பாறைகளும் இதே மணற்கல்தான். அங்கே காட்டு நடை அதிகம், வரலாறு குறைவு.

தண்ணீரை விரட்டும் வேலை இத்தனை இடங்களில் நடக்க, டெர்னோபில் மாகாணத்தின் தெற்கில் தண்ணீரே கட்டடம் கட்டியிருக்கிறது. பொடிலியா வட்டாரத்தின் ஜிப்சம் அடுக்கில், கீழே அழுத்தத்தோடு இருந்த நிலத்தடி நீர் விரிசல்கள் வழியே மேலேறிக் கரைத்ததால் உண்டானவை இந்தக் குகைகள். அதனால்தான் ஆறு குடைந்த குகைபோல் ஒரே பாதையாகப் போகாமல், வலைபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. 1966-இல் ல்விவ் குகையாளர்கள் கண்டறிந்த ஒப்டிமிஸ்டிச்னாவில் இதுவரை 230 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள். உலகின் மிக நீளமான ஜிப்சம் குகை அதுதான். முதல்முறை வருபவர்களுக்கு அது வேண்டாம். ஊர்ந்து போகும் இடங்கள், களிமண், முழு உடை, தலைவிளக்கு, கூடவே வழிகாட்டிக் குழு எல்லாம் வேண்டும். கிரிவ்ச்சே ஊரின் கிரிஷ்டலேவா குகைக்குப் போங்கள். நிமிர்ந்து நடக்கும் சுற்றுலாப் பாதை, மின்விளக்கு, வழிகாட்டி எல்லாம் உண்டு. வெளியே கோடையாக இருந்தாலும் உள்ளே 11 டிகிரி அளவில்தான் இருக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கோட்டைக் கோபுரங்களும் நிற்கின்றன. பில்ச்சே-ஸோலொட்டேயின் வெர்டெபாவில் டிரிபில்லியா எனும் தொல்பழங்கால நாகரிகத்தின் மட்பாண்டங்கள் கிடைத்தன. இரண்டாம் உலகப் போரில் யூதக் குடும்பங்கள் முதலில் ஒளிந்ததும் அங்கேதான். பிறகு ஒஸெர்னா குகைக்கு மாறி, 38 பேர் 344 நாள் மண்ணுக்கடியில் இருந்து உயிரோடு வெளியே வந்தார்கள்.

மலைப்பக்கம் சினெவிர் ஏரி 989 மீட்டர் உயரத்தில், பழைய நிலச்சரிவு ஓடையை அடைத்ததால் உண்டானது. குளிக்க அனுமதி இல்லை, வார இறுதியில் நெரிசல். ஹுஸ்ட் அருகே நார்சிசஸ் பூக்கும் பள்ளத்தாக்குக்கு மே முதல் பாதியில் போனால்தான் அர்த்தம். மற்ற நேரம் அது ஒரு புல்வெளி.

பயணக் கணக்கு: சாலை எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். எம் (M), என் (சிரிலிக்கில் H) வகைச் சாலைகளில் வேகமாகப் போகலாம். டி (T) எனத் தொடங்கும் உள்சாலைகளில் மணிக்கு 30-40 கிலோமீட்டர் என்று வைத்துத் திட்டமிடுங்கள், குழிகள் அப்படி. யாசினியாவுக்கும் உஜோக்குக்கும் ரயிலே போகிறது, பேருந்தைவிட அது மேல். போர்க்காலச் சட்டம் நடப்பில் உள்ளவரை பெரும்பாலான இடங்களில் நள்ளிரவுக்குப் பிறகு ஊரடங்கு. விமானத் தாக்குதல் எச்சரிக்கை ஒலித்தால் அருங்காட்சியகங்கள் பார்வையை நிறுத்திப் பாதுகாப்பிடத்துக்கு அனுப்பும், ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சோதனைச்சாவடி, பாலம், ராணுவ வண்டி எதையும் படமெடுக்கக் கூடாது. உஜோக், யாசினியா இரண்டும் எல்லைப்பக்கம் என்பதால் பாஸ்போர்ட் கையிலேயே இருக்கட்டும், காட்டுப் பாதைக்கு முன் உள்ளூரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, டெர்னோபில் மாகாணத்தின் நிர்கிவ். 16 மீட்டர் உயர ஜூரின் அருவியும், செர்வோனோஹோரொட் கோட்டையின் இடிந்த கோபுரங்களும் ஒரே பள்ளத்தில். சுற்றிலும் சிவப்பு மணற்கல், செர்வோனோஹோரொட் என்றாலும் சிவப்பு நகரம் என்றுதான் பொருள். கோபுரங்களில் ஒன்று பாதி சரிந்துவிட்டது, மிச்சத்தின் கீழே நிற்க வேண்டாம். பள்ளத்துக்கு இறங்கும் பாதை மண்பாதை. காய்ந்திருந்தால் கார் இறங்கும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இறங்கிவிடும், ஏறாது. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.